பெட்டியை இழுத்துப் போட்டால் விதி தயார் என்பார்கள், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

திருப்பூரில் எங்கள் ரெடிமேட் கடைக்கு, வரி, தள்ளுபடி விதிகளைப் படமாகவே எழுதும் எடிட்டர் ஒன்றை பில்லிங் சாஃப்ட்வேரோடு வாங்கினோம். "கோடிங்கே வேண்டாம் சார், உங்க அக்கவுண்டன்ட்டே பெட்டியை இழுத்துப் போட்டா போதும்" என்றார்கள். டெமோ அழகாக இருந்தது. ஒரு வருடத்துக்கு 1,40,000 ரூபாயை முன்கூட்டியே கட்டிவிட்டோம்.

2025 செப்டம்பர் 22 முதல் ஆடைகளுக்கு ஜிஎஸ்டி மாறியது. அதுவரை 1,000 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 12%. புதிதாக 2,500 வரை 5%, தாண்டினால் 18%. முந்தின நாள் ராத்திரி எங்கள் கணக்கு அக்கா இரண்டு புது விதிகளைச் சேர்த்தார். "பச்சை டிக் வந்துடுச்சு தம்பி" என்றார். நானும் பார்த்தேன்.

மறுநாள் 1,800 ரூபாய் சட்டைக்கு 90 ரூபாய் வர வேண்டிய வரி, 216 என்று விழுந்தது. ஒருவர் பில்லோடு திரும்பி வந்து கேட்டபிறகுதான் தெரிந்தது. அதற்குள் 38 பில் போயிருந்தன. ஒவ்வொருவரையும் போனில் பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மடித்து வைத்த ஒரு பெட்டிக்குள் பழைய 12% விதி மேலேயே உட்கார்ந்திருந்தது. அந்தச் சட்டைக்குப் பழைய 12%, புது 5% இரண்டு விதியும் பொருந்தும், எடிட்டர் மேலே இருப்பதை எடுத்துக்கொண்டது. இரண்டும் இடிக்கின்றன என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்கென்றே, சாஃப்ட்வேர் தரநிலைகளை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு 2015-ல் டிஎம்என் என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது; விதிகளை அட்டவணையாக எழுதும் முறை அது. அதில் அட்டவணையின் மூலையில் 'எஃப்' என்று போட்டால்தான் முதலில் பொருந்துவது எடுபடும். ஒன்றும் போடாவிட்டால் 'யு', அதாவது ஒரே ஒரு விதிதான் பொருந்தலாம், இரண்டு பொருந்தினால் பிழை. எங்களுக்கு விற்றவர்களின் விளம்பரத் தாளிலேயே "டிஎம்என் ஆதரவு" என்று இருந்தது. அப்படியென்றால் எங்கள் விதிகளை, வேறு சாஃப்ட்வேரும் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்பாகக் கொடுங்கள் என்று கேட்டேன். மூன்று நாள் கழித்து பிடிஎஃப் வந்தது. உள்ளே அட்டவணையின் படம்தான்!

யார் எப்போது எந்த விதியை மாற்றினார்கள் என்ற பதிவும் அந்த எடிட்டரில் கிடையாது. "நான்தான் தப்பு பண்ணிட்டேனா தம்பி" என்று அக்கா கேட்டபோது மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கட்டிய பணத்தையும் திருப்பித் தர மாட்டார்களாம்.

வாங்கப் போகிறவர்கள் டெமோவில் மவுஸை உங்கள் கையில் வாங்குங்கள். ஒரே விலைக்கு இரண்டு வெவ்வேறு வரி சதவீதம் வருகிற மாதிரி விதி போட்டு, எச்சரிக்கிறதா என்று பாருங்கள். சரியாக 2,500 ரூபாய்க்கு ஒரு சட்டையை பில் போட்டு, 5% தான் விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் விதிகளின் எக்ஸ்எம்எல் கோப்பை வெளியே எடுத்து, ட்ரூல்ஸ் மாதிரி விதிகளை ஓட்டும் இலவச சாஃப்ட்வேரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகும் வருடப் பணம் வேண்டாம், மாதாமாதம் கட்டுங்கள்.