ஷட்டவுன் இழுக்கிறதா? எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ, க்னோம்: எதில் என்ன செய்யலாம்

லினக்ஸில் ஷட்டவுன் கொடுத்ததும் கறுப்புத் திரையில் "எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்" என்ற வரி வந்து ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கும். உடனே டெஸ்க்டாப்பையே, அதாவது ஜன்னல்களும் மெனுக்களும் தரும் எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ, க்னோம் போன்ற முகப்பையே, மாற்றிவிடலாமா என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அது, பின்னணி நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி, ஒரு நிரல் நின்று முடிக்கக் கொடுக்கும் 90 விநாடிக் கெடு. எந்த டெஸ்க்டாப் போட்டாலும் அது உண்டு. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 38-ஆம் பதிப்பில் அதை 45 விநாடியாகக் குறைத்தார்கள். நீங்களும் குறைக்கலாம். ஆனால் ஐந்து விநாடி என்றெல்லாம் வைத்தால், டேட்டாபேஸ் எழுதி முடிக்கும் முன்பே அதை நிறுத்தியதாகிவிடும். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில், கணினி முந்தைய முறை ஓடியபோது பதிவான கடைசி வரிகளைப் படியுங்கள். முரண்டுபிடித்த சர்வீஸின் (பின்னணி நிரலின்) பெயர் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

இந்த மூன்று டெஸ்க்டாப்புகளும் உண்மையில் வேறுபடுவது செஷன் விஷயத்தில்தான், அதாவது திறந்திருந்த நிரல்களை நினைவில் வைத்து மீட்பதில்.

எக்ஸ்எஃப்சிஇயில் லாக் அவுட் பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன டிக் இருக்கும்: அடுத்த முறைக்காக இந்தச் செஷனைச் சேமிக்கவா என்று. பேனல் (மெனுவும் கடிகாரமும் இருக்கும் பட்டை) நின்றுபோயிருக்கும் நேரத்தில் அந்த டிக்கோடு வெளியேறினால், பேனல் இல்லாத நிலைதான் சேமிக்கப்படும். மறுநாள் உள்ளே வந்தால் வால்பேப்பர் மட்டும்! பயப்படத் தேவையில்லை. முதலில் லாக் அவுட் செய்துவிட்டு, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் உரைத்திரையில் நுழையுங்கள். ஹோம் அடைவில் மறைந்திருக்கும் கேஷ் ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் செஷன்ஸ் என்பதில் உள்ள கோப்புகளை அழித்துவிட்டால் பேனல் திரும்பிவிடும். கோளாறு இருக்கும் இடம் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதால்தான் எனக்கு எக்ஸ்எஃப்சிஇ மேல் நம்பிக்கை.

கேடிஇ பிளாஸ்மாவில் வசதி அதிகம். பழைய செஷனை மீட்கலாம், நாமே சேமித்ததை மட்டும் மீட்கலாம், வெறுமையாகவும் தொடங்கலாம். தினமும் அதே நாலைந்து ஜன்னல்களைத் திறந்து வேலை செய்பவருக்கு இது பெரிய உதவி. ஒரு குறை: திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்டில் ஜன்னல்களை அதே இடத்தில் வைப்பது பழைய முறையான எக்ஸ்11 அளவுக்குக் கச்சிதமாக இருப்பதில்லை.

க்னோம் செட்டிங்ஸில் செஷனை மீட்கும் வசதியைத் தேடினால் கிடைக்காது. பவர் ஆஃப் கொடுத்தால் 60 விநாடி எண்ணும். மறுபடி ஒரு முறை அழுத்தினால் உடனே அணையும், அவ்வளவுதான்.

வீட்டில் பலர் தொடும் பழைய லேப்டாப் என்றால் எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். அந்த டிக்கை எடுத்துவிட்டு, தேவையான நிரல்களை மட்டும், உள்ளே வந்ததும் தானாகத் தொடங்கும் ஆட்டோஸ்டார்ட் பட்டியலில் சேருங்கள்.