பெருங்காயம் போடாத முறுக்கு: சீலியாக் உள்ள என் மகளுக்குக் கிடைத்த பலகாரம்

என் மகளுக்கு ஏழு வயது. சீலியாக் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. கடைத் தின்பண்டத்தில் எதை நம்பிக் கொடுக்கலாம் என்று இத்தனை நாள் அலைந்த பிறகு, திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில், வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கும் ஒரு அக்காவிடம் வந்து சேர்ந்திருக்கிறேன். அவருடைய முறுக்கைப் பற்றித்தான் இது. பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இருக்கிற ஆர்டருக்கே கை போதவில்லையாம். ஆனால் நான் அவரிடம் கேட்டதை எல்லாம் நீங்கள் உங்கள் ஊர் பலகாரக்காரரிடம் கேட்கலாம்.

தெரியாதவர்களுக்காக: கோதுமை, பார்லி, ரை இவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் சீலியாக் உள்ளவர்களின் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கும். குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோய்ச் சாப்பிடுவது சரியாக உடம்பில் ஒட்டாது. மருந்து என்று ஒன்றும் கிடையாது, ஆயுள் முழுக்கச் சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான். நம் பக்கம் இது குறைவு. 2016ல் வெளியான ஆய்வு ஒன்றில் வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கு மேல், தெற்கே ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் வந்தது. அதனால் கடைக்காரர்களிடம் பேச்சை எடுத்தாலே "நாமதான் அரிசி சாப்பிடுறவங்களாச்சே, அரிசி முறுக்குல கோதுமை எங்கேருந்து வரும்?" என்று கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் பெயர்பெற்ற ஒரு கடையில் அரிசி முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் வயிறு ஊதி, வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கக் காலை மடக்கிக்கொண்டு அழுதாள். மறுபடி அந்தக் கடைக்குப் போய் நின்று பார்த்தபோதுதான், மைதா பிஸ்கட் பொரித்து எடுத்த அதே எண்ணெயில் முறுக்கைப் பிழிவது கண்ணில் பட்டது.

அக்காவிடம் போனபோது முதலில் கேட்டது எண்ணெயைத்தான். மைதாப் பலகாரமே அவர் சுடுவதில்லை, எல்லாம் அரிசியும் உளுந்தும் கடலை மாவும்தான் என்றார். சரி என்று பெருங்காயத்தைக் கேட்டேன். "ஏம்மா, பெருங்காயத்துல என்னம்மா இருக்கப் போவுது?" என்று டப்பாவை எடுத்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடி எழுத்தில் கோந்துக்குப் பக்கத்தில் மைதா என்று இருந்தது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முப்பது வருடமாக இதைத்தான் போடுகிறேன் என்றார் அப்புறம். கடைகளில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது சகஜம். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, டப்பாவைப் படித்துத்தான் வாங்க வேண்டும். அக்கா அந்த வம்பே வேண்டாம் என்று எங்கள் ஈட்டுக்குப் பெருங்காயத்தை விட்டுவிட்டு பூண்டை நசுக்கிச் சாறு விட்டு, ஓமம் தூக்கலாகப் போடுகிறார்.

அடுத்தது மாவு. மில்லில் முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார், அந்த மிச்சம் நம் அரிசியோடு கலந்துதான் வரும். அதனால் அக்கா பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணியில் உலர்த்தி மிக்ஸியிலேயே அரைக்கிறார். சல்லடையையும் மாற்றச் சொன்னேன், அவர் வீட்டுச் சப்பாத்திக்குக் கோதுமை மாவைச் சலித்த சல்லடையில் எவ்வளவு தட்டினாலும் கண்ணிகளில் மாவு நிற்கும். புதிதாக ஒன்று வாங்கி, பிடியில் சிவப்பு நூல் கட்டித் தனியாக மாட்டி வைத்திருக்கிறார். அந்த நூலைப் பார்த்த அன்றுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

முறுக்கு எப்படி? நன்றாக இருக்கிறது. மிக்ஸி மாவு மில் மாவளவு நைஸாக வராததால் கொஞ்சம் கரகரப்பு உண்டு, ஆனால் வெண்ணெய் போடுவதால் பல்லை உடைக்காது. பூண்டு வாசனை என் மகளுக்குப் பிடித்துப்போய்விட்டது. சுற்றைப் பிரித்துப் பிரித்து, வெளி வளையத்திலிருந்து உள்ளே வரை மெதுவாகச் சாப்பிடுகிறாள். தட்டை மட்டும் குழந்தைக்குக் கடினம், உப்பும் ஒரு சிட்டிகை அதிகம். இரண்டையும் சொல்லிவிட்டேன். கிலோ 480 ரூபாய், கடை விலையை விட அதிகம், ஆனால் எங்கள் ஈட்டைப் புது எண்ணெயில் முதலில் போடுகிறார் என்பதால் எனக்கு அது கொடுக்க வேண்டிய விலைதான். பாக்கெட்டில் தேதி ஒட்டுவதில்லை, அது குறை. நானே பேனாவால் எழுதி வைத்துக்கொள்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் சோதித்த பண்டமும் இல்லை இது, அதனால் முதல் தடவை இரண்டு முறுக்கு மட்டும் கொடுத்து ஒரு வாரம் கவனித்தேன். ஆறு மாதமாகக் கொடுக்கிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. போன மாத ரத்தப் பரிசோதனையில் டிடிஜி அளவும் (சீலியாக்கைக் கண்காணிக்கப் பார்க்கும் எதிர்ப்பொருள்) இறங்கியிருந்தது.

குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்த பிஸ்கட்டுகளும் ஆன்லைனில் வாங்கியிருக்கிறோம். நம் நாட்டு விதிப்படி அப்படிப் போட வேண்டுமானால் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், அதனால் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப அவை நிம்மதி. ருசி சுமார், வாயில் மாவாக ஒட்டுகிறது, விலையும் கட்டுப்படியாகாது. கோவில்பட்டி கடலை மிட்டாய் வேர்க்கடலையும் வெல்லமும்தான் என்பதால் எங்களுக்குப் பெரிய துணை, ஆனால் சில்லறையாக ஜாடியில் எடுப்பதை விட்டு, பொருட்கள் அச்சிட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். பொரியும் பொரிகடலையும் வீட்டில் தாளித்துக் கொடுப்பேன். சத்துமாவை மட்டும் தயவுசெய்து கேட்காமல் கொடுக்காதீர்கள், பலதில் கோதுமை இருக்கிறது. மால்ட் என்று எழுதியிருந்தால் அது பார்லியா என்று பார்த்துவிடுங்கள்.

தீபாவளிக்கு ரிப்பன் பக்கோடாவும் ரவா லட்டுக்குப் பதில் பாசிப்பருப்பு உருண்டையும் சொல்லியிருக்கிறேன். பாசிப்பருப்பையும் மிக்ஸியிலேயே அரைத்துவிடுகிறேன், சிவப்பு நூல் சல்லடையில்தான் சலிப்பேன் என்று நான் கேட்பதற்கு முன்பே அக்கா சொன்னார்.