பால் ரோப்சனை அறிய எந்தப் படத்தில் தொடங்குவது?

அமெரிக்கக் கறுப்பின நடிகர், பாடகர், உரிமைப் போராளி பால் ரோப்சனை (1898–1976) அறிய விரும்புபவர்கள் தயங்குவது 'பாடி அண்ட் சோல்' (1925), 'தி பிரவுட் வேலி' (1940) ஆகிய இரண்டு படங்களுக்கு நடுவில்தான்.

எளிமை: முன்னது மௌனப்படம், பொறுமை வேண்டும். பின்னது பேசும் படம், நீளமும் குறைவு.

குரல்: முன்னதில் இல்லை. பின்னதில் அந்த ஆழ்ந்த குரலை வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் பாடகர் குழுவோடு கேட்கலாம்.

நடிப்பு: இங்கே மௌனப்படமே வெல்கிறது. கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ அவருக்கு இரட்டை வேடம் தந்தார்: போதகராக வேடமிட்ட கயவன், அவனுடைய நல்ல சகோதரன். ரோப்சனின் தந்தை அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து போதகரானவர் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கயவன் இன்னும் சுடுகிறான்.

வாழ்க்கையோடு நெருக்கம்: இதில் 'தி பிரவுட் வேலி'க்கு இணையில்லை. வேலை தேடி வரும் கறுப்பினத்தவரைத் தங்களில் ஒருவராக ஏற்கும் சுரங்க ஊர் அது. அந்த நட்பு திரையோடு நிற்கவில்லை. 1950-ல் அமெரிக்க அரசு ரோப்சனின் பாஸ்போர்ட்டைப் பறித்தது. வெளிநாடு போக முடியாத நிலையில், 1957-ல் அவர் நியூயார்க்கிலிருந்து தொலைபேசி வழியாகப் பாட, வேல்ஸின் போர்த்கால் நகரில் கூடியிருந்த சுரங்கத் தொழிலாளர்கள் கேட்டார்கள். பதிலுக்கு அவர்களும் பாடினார்கள். பாஸ்போர்ட் திரும்பியது 1958-ல்.

போராளியைத் தேடுபவர்கள் 'தி பிரவுட் வேலி'யில் தொடங்கலாம். கறுப்பினத்தவர் தாங்களே எடுத்த சினிமாவின் தொடக்கத்தைத் தேடுபவர்களுக்கு மிஷோவின் படம். ஒரு மாலைதான் இருக்கிறது என்றால், தயங்காமல் வேல்ஸுக்குப் போங்கள்.