கிணற்றுத் தண்ணீருக்கு எச்2எஸ் குப்பி: எந்த அளவுக்கு நம்பலாம்?

கிணறு, சம்ப், மேல்தொட்டித் தண்ணீரில் மலக்கழிவு கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு) குப்பியைவிட எளிய கருவி இல்லை. 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் மஞ்சா, மௌரியா, ராவ் மூவரும் வெளியிட்ட முறை இது. குப்பிக்குள் கிருமிகளுக்கு உணவாகும் பெப்டோன், கந்தகம் கொண்ட தயோசல்ஃபேட், இரும்பு உப்பு இருக்கும். சால்மொனெல்லா, சிட்ரோபாக்டர், புரோட்டியஸ் முதலிய பாக்டீரியாக்கள் தயோசல்ஃபேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்ததும் தண்ணீர் மை போலக் கறுத்துவிடும்.

குழாயின் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு குறியீடு வரை பிடிக்க வேண்டும். பெரும்பாலான குப்பிகளில் அது 20 மில்லி. மூடியின் உட்புறத்தில் விரல் பட்டால் சோதனை வீண். கையிலிருக்கும் கிருமியே கறுக்க வைத்துவிடும். 30 முதல் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கலாம். சென்னை வெயிலில் அறை வெப்பமே போதும். ஊட்டிக் குளிரில் இன்குபேட்டர் இல்லாமல் கிடைக்கும் முடிவுக்கு மதிப்பில்லை. கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றிய இன்னொரு குப்பியையும் கூடவே வையுங்கள். அதுவும் கறுத்தால் குப்பியிலோ பிடித்த விதத்திலோதான் கோளாறு.

ஊற்றிய சில நிமிடங்களிலேயே கறுத்தால் அது கிருமியின் வேலை அல்ல. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஆழ்துளைக் கிணறுகளில் கரைந்தே இருக்கும் சல்ஃபைடு அப்படிச் செய்யும். அந்தத் தண்ணீருக்கு இந்தக் குப்பியை வாங்காதீர்கள்.

பெரிய குறை, கறுக்காத குப்பியை நல்ல தண்ணீருக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது. மலக்கழிவுக்கு முக்கிய அடையாளமான ஈ.கோலை பாக்டீரியா பொதுவாக எச்2எஸ் உண்டாக்காது. சீதபேதி தரும் ஷிகெல்லாவும் காலராக் கிருமியும் அப்படித்தான். மலத்தில் அவற்றோடு சேர்ந்து வரும் மற்ற கிருமிகளை வைத்துத்தான் குப்பி ஊகிக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையோ 100 மில்லியில் ஒரு ஈ.கோலைகூடத் தென்படக் கூடாது என்கிறது. அதனால் குழந்தை இருக்கும் வீட்டில், வயிற்றுப்போக்கு பரவும் தெருவில், ஆய்வகத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். மழைக்குப் பிறகு கிணற்றை அவ்வப்போது பார்த்துக்கொள்ள, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

கறுத்துவிட்டால் அன்றே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கிணற்றிலுள்ள ஒவ்வொரு 1000 லிட்டருக்கும் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கழிவு எங்கிருந்து இறங்குகிறது என்று கண்டுபிடித்து அடைக்காவிட்டால் அடுத்த வாரக் குப்பியும் கறுக்கும்.

கறுத்த குப்பியில் கிருமி கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். சமையலறையில் திறக்காதீர்கள். பிளீச்சிங் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் கழித்துக் கழிப்பறையில் கொட்டுங்கள். கழிப்பறை ஆசிட் மட்டும் கூடவே கூடாது: சல்ஃபைடோடு சேர்ந்தாலும் பிளீச்சோடு சேர்ந்தாலும் நச்சு வாயு கிளம்பும்.