நாலரை வருடம், ஒரு நீளத்தடி வாள்: தரையில் நின்று பட்ட கொப்பு இறக்கிய அனுபவம்

எங்கள் வளவு விசுவமடுவில், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே இறங்கிக் கொஞ்சத் தூரம். வீடு புதிது, மரங்கள் பழையவை. ஒரு பாலை, இரண்டு வேம்பு, வேலியோரம் ஒரு புளி, கிணற்றடியில் இரண்டு மா. போர் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது கூரையில்லாத வளவில் நிழல் தந்தவை என்பதால் அம்மாவுக்கு இவற்றின்மேல் தனிப் பாசம். பச்சைக் கொப்பு வெட்ட அவரிடம் கேட்க வேண்டும். பட்ட கொப்பு, அதாவது காய்ந்து செத்த கிளை, வெட்டவும் கேட்க வேண்டும்.

2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. எங்கள் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விடிந்து பார்த்தால் வேம்பில் இருந்த பட்ட கொப்பு ஒன்று முறிந்து கிணற்றுக்கட்டில் குத்தி நின்றது. அதே மரத்தில் அதைவிடத் தடித்த இன்னொன்று, குசினிப் பத்திக்கு (சமையலறைச் சாய்ப்புக்கு) நேர் மேலே, 16 அடி உயரத்தில்.

வழக்கமாக மரம் ஏறுகிற ஐயாவைக் கூப்பிட்டேன். வந்தார், அண்ணாந்து பார்த்தார், வெற்றிலையைத் துப்பினார். "தம்பி, பச்சைக் கொப்பெண்டால் மிதிச்சு ஏறுவன். இது பட்டது. எப்ப கைவிடும் எண்டு அதுக்கே தெரியாது. நான் ஏற மாட்டன், நீரும் ஏறாதையும்." பனையும் தென்னையும் ஏறியே பிள்ளைகளை வளர்த்த மனிதர் இப்படிச் சொன்ன பிறகு ஏணியைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஏணியில் நின்று வாள் பிடிப்பது ஏறுவதைவிட மோசம்: அறுந்த கொப்பு விழுகிற வழியில் ஏணியும் நிற்கும், ஓட இடமும் இராது.

முதலில் கைவசம் இருந்ததை வைத்துப் பார்த்தேன். மாங்காயும் முருங்கைக்காயும் பறிக்கிற கொக்கத்தடி எல்லா வீட்டிலும் உண்டுதானே. அதன் நுனியில் கைவாள் ஒன்றைக் கம்பியால் வரிந்து கட்டினேன். மூங்கில் பாரமில்லை, அது நல்லது. ஆனால் இழுக்க இழுக்க வாள் ஒரு பக்கம் திரும்பியது, கட்டு இளகியது, கடைசியில் வாள் மட்டும் கழன்று என் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அன்றே அவிழ்த்துவிட்டேன்.

2021 பெப்ரவரியில் கிளிநொச்சியில் ஓர் இரும்புக்கடையில் நீளத்தடி வாள் வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் மூன்று துண்டு அலுமினியத் தடி, முழுக்க இழுத்தால் 14 அடி. நுனியில் அரிவாள் போல வளைந்த வாள், ஒன்றேகால் அடி. வாளின் அடியில் ஒரு கொளுக்கி. பெயரைக் கேட்காதீர்கள், தடியில் ஒட்டியிருந்த பெயர் இரண்டாம் மாதமே வியர்வையில் அழிந்துவிட்டது.

வாளின் பற்கள் நம் பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதனால் இழுக்கும்போதுதான் வெட்டும். தள்ளும்போது பலம் போட்டால் தடி வளைவதுதான் மிச்சம். இது எனக்கு விளங்க ஒரு கிழமை ஆனது, அந்தக் கிழமை முழுக்கத் தோள் வலி. இன்னொன்று, 14 அடிக்கும் நீட்டினால் நுனி தூண்டில் தடி மாதிரித் துள்ளும். கொப்பில் முதல் தடம் விழும்வரை வாள் வழுக்கிக்கொண்டே இருக்கும். தடம் விழுந்த பிறகு வாளின் பாரமே பாதி வேலையைச் செய்கிறது. இப்போது நான் பெரும்பாலும் இரண்டு துண்டு மட்டும்தான் நீட்டுகிறேன். மூன்றாவது துண்டு எட்டாத ஒன்றிரண்டு கொப்புக்கு மட்டும். கடைக்காரர் 14 அடி என்று விற்றாலும் 10 அடி என்று நினைத்து வாங்குங்கள்.

நிற்கிற இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இதை விலை கொடுத்துத்தான் படித்தேன். குசினிக்கு மேலே இருந்த அந்தக் கொப்பை ஒரே வெட்டாக அடியில் அறுத்தேன். பச்சைக் கொப்பு முறியும்போது நார் பிடித்து இழுக்கும், முனகும், மெல்லச் சாயும். ஒதுங்க நேரம் கிடைக்கும். பட்ட கொப்பில் அந்த நார்ப்பிடிப்பு இல்லை. நடுவைக் கறையான் தின்றிருந்தால் வெளியில் தெரியவும் தெரியாது. பாதிதான் அறுத்திருப்பேன், டக் என்று விட்டது. நுனி முதலில் தரையில் குத்தி, தடித்த அடிப்பக்கம் என்னை நோக்கித் திரும்பி வந்தது. தடியைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தேன். கொப்பு தடியின் நடுத்துண்டில் விழுந்து அதை நசுக்கியது. அந்தத் துண்டு இன்றைக்கும் செருகும்போது அந்த இடத்தில் முரண்டு பிடிக்கும். பத்தியில் இரண்டு ஓடும் போயின. அம்மா ஓட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பற்றி நிறையச் சொன்னார்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். நுனியில் இருந்து தொடங்கி மூன்று மூன்று அடித் துண்டுகளாகத்தான் உள்ளே வருவது. கொப்புக்கு நேர் கீழே நிற்பதே இல்லை. தடியைச் சாய்த்துப் பிடித்து ஒரு பக்கமாக நிற்பேன். பின்னால் ஓடுகிற வழியில் கல்லோ, கொடிக்கயிறோ, ஆடோ இல்லை என்று பார்த்த பிறகுதான் வாளைத் தூக்குவேன். பாரம் எவ்வளவு என்று சந்தேகம் இருந்தால் ஒரு கணக்குச் சொல்கிறேன். பாலை தண்ணீரில் தாழ்கிற மரம். அதில் 6 அங்குலத் தடிப்பும் 10 அடி நீளமும் உள்ள கொப்பு 60 கிலோ அளவில் வரும். ஒரு சீமெந்துப் பை 50 கிலோதான். அதை யாராவது 15 அடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் கீழே நின்று பார்ப்போமா?

தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொள்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். கண்ணுக்கு இரும்புக்கடைகளில் கிடைக்கிற பிளாஸ்ரிக் கண்ணாடி கட்டாயம். அண்ணாந்து அறுக்கும்போது வேப்பந்தூள் நேரே கண்ணில்தான் இறங்கும்.

கடைசித் துண்டை எங்கே அறுப்பது என்பதில் எங்கள் ஊர் வழக்கத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. தண்டோடு ஒட்ட வழித்து வெட்டி, சாணியோ தாரோ அப்புவதுதான் வழக்கம். கொப்பு தண்டில் சேருகிற இடத்தில் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு வீக்கம் இருக்கும். அது உயிருள்ள பகுதி, காயத்தை மூடப்போவது அதுதான். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, அந்த வீக்கத்தை வெட்டக் கூடாது என்றும், மேலே பூசுகிற பூச்சு உக்கலைத் தடுப்பதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். நான் வீக்கத்துக்குச் சற்று வெளியே அறுத்துவிட்டு ஒன்றும் பூசாமல் விடுகிறேன். 2021இல் அறுத்த வேம்பில் வளையம் வளர்ந்து காயத்தை ஏறக்குறைய மூடிவிட்டது. ஒட்ட வழித்த மாவில் பொந்து விழுந்திருக்கிறது.

அடுத்தது கயிற்றுச் சங்கிலி வாள். தடி எட்டாத கொப்புகளுக்கென்று அதே வருடம் கடைசியில் வாங்கினேன். இரண்டு முனையிலும் கயிறு பூட்டிய ஒரு துண்டுச் சங்கிலி. கொப்புக்கு மேலால் எறிந்து, ஆளுக்கொரு பக்கம் நின்று மாறி மாறி இழுக்க வேண்டும். கூட வந்த எறிபை காற்றில் எங்கெங்கோ போனது. முல்லைத்தீவில் கடற்றொழில் செய்கிற மச்சான்தான் வழி காட்டினார். தங்கூசியில் (நைலோன் தூண்டில் நூலில்) ஈயக்குண்டு கட்டி எறிந்தார், இரண்டாவது எறியிலேயே கொப்பைத் தாண்டியது. தங்கூசியில் மெல்லிய கயிறு, அதில் சங்கிலி என்று ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றினோம். ஈயக்குண்டு ஊஞ்சல் மாதிரித் திரும்பி வரும், முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேம்பில் நன்றாகவே அறுத்தது. இரண்டு பேரும் மரத்தை ஒட்டி நின்று நேர் கீழே இழுத்தால் சங்கிலி கொப்பைக் கவ்விப்பிடித்துச் சிக்கும். எட்டப் போய் நின்று இழுத்தால் ஓடும், ஆளும் விழுகிற இடத்துக்கு வெளியே நிற்கலாம். பாலையில் மட்டும் தோற்றோம். அரைவாசியில் சங்கிலி இறுகிப்போய் மேலேயும் வரவில்லை, கீழேயும் வரவில்லை. மச்சான் கயிற்றை லாண்ட்மாஸ்ரரில் (இருசில்லு உழவு இயந்திரத்தில்) கட்டி இழுப்போம் என்றார். நல்லவேளை, நான் விடவில்லை. அறுத்த கொப்பு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் இழுப்பது அதை நம் தலைமேல் இழுப்பதுதான். கயிறு இரண்டையும் அடிமரத்தில் கட்டி, அந்தப் பக்கம் யாரும் போகாமல் முட்கொப்பு போட்டு அடைத்தோம். மாதக்கணக்கில் சங்கிலி அங்கேயே தொங்கியது. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கிய பிறகு ஒருநாள் இரவு கொப்பு தானாகவே முறிந்து வேலியில் விழுந்தது. சங்கிலி துருப்பிடித்திருந்தது, வேலிக் கதியால் (நட்ட கம்பு) நாலு போயின. அதன்பிறகு அதை இரண்டு தடவைதான் எடுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாக மட்டும் அறுப்பதால் பச்சைத் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும், அதுவும் ஒரு குறை. என்னைக் கேட்டால் வாங்க வேண்டாம்.

வன்னியில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2023இல் கிணற்றடி மாவில் அறுக்கும்போது வாள் கிரீச் என்று நின்றது. செல் துண்டு, போரில் விழுந்த எறிகணையின் சிதறல். மரம் அதை மூடி வளர்ந்திருந்தது. ஐந்தாறு பல் போய்விட்டது. பிறகு பார்த்தால் அந்த இடத்தைச் சுற்றி மரம் நீலக்கறுப்பாக இருந்தது. இரும்பு ஏறிய மரத்தில் அந்த நிறம் வரும். இப்போது ஒரு கொப்பில் அப்படிக் கறையோ, பழைய காயம் மூடிய வடுவோ தெரிந்தால் ஒரு முழம் தள்ளித்தான் வாள் வைக்கிறேன். வெடிக்காமல் சிக்கியிருக்கிற பொருள் போலத் தெரிந்தால் வாளை வைத்துவிட்டு விலகி, அறிவிக்க வேண்டிய இடத்துக்கு அறிவியுங்கள்.

வாளுக்கு அதிக வேலை வந்தது 2022இல். காஸ் இல்லை, எல்லா வீட்டிலும் அடுப்பில் விறகு. அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத பட்ட கொப்புக்கெல்லாம் மதிப்பு வந்தது. தடி ஊர் சுற்றியது. ஒருநாள் பின்னேரம் அடுத்த ஒழுங்கையில் ஒரு தம்பி மின்கம்பிக்கு மேலே சாய்ந்த வாகைக் கொப்புக்கு அதை நீட்டிக்கொண்டு நிற்கிறான். அலுமினியத் தடி! கத்தின கத்தில் தடியைப் போட்டுவிட்டான். வீட்டுக்கு வருகிற கம்பியில் 230 வோல்ட், பெரிய கம்பிகளில் 33,000. கம்பியில் இருந்து குறைந்தது 10 அடி தள்ளாத எந்தக் கொப்பும் நம் வேலை இல்லை, மின்சாரம் விநியோகிக்கிறவர்களின் வேலை. பைபர் தடி என்றாலும் நனைந்தால் நம்ப முடியாது. அன்றிலிருந்து தடி வேண்டுமென்றால் நானும் கூடப் போகிறேன். சிலருக்குக் கோபம், பரவாயில்லை.

பராமரிப்புப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பற்கள் சூட்டில் இறுக்கப்பட்டவை, சாதாரண அரம் அவற்றில் ஏறாது. மழுங்கினால் புது அலகுதான். நாலரை வருடத்தில் இது மூன்றாவது. 2022க்குப் பிறகு அலகின் விலை இரண்டு மடங்குக்கு மேல். அதனால் வாங்கும்போது தடியைவிட, அலகு தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பூட்டுகளுக்குள் மணல் போனால் வழுக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்கிறேன்.

காலம் என்றால் பெரும்போக அறுவடை முடிந்து சோளகம் தொடங்குவதற்கு முன், காற்றில்லாத காலைநேரம். ஆனால் மாசி பங்குனியில் வேம்பு இலை கொட்டிவிடும், எது பட்டது எது உயிர் என்று தெரியாது. அதனால் மார்கழியில், மழையில் எல்லாம் தழைத்து நிற்கும்போதே பார்த்து, பட்ட கொப்பு இருக்கிற பக்கம் அடிமரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுவேன். வாளைத் தூக்குமுன் பொந்துகளில் குளவியோ தேனீயோ போய்வருகிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதும் பழகிவிட்டது.

இப்போது பாலையின் உச்சியில், 25 அடிக்கு மேலே ஒரு பட்ட கொப்பு இருக்கிறது. என் தடிக்கு எட்டாது. கீழே வெறும் மண், நடக்கிற பாதையும் இல்லை. ஐயாவிடம் காட்டினேன். "அது ஆருக்குக் கரைச்சல்? கிடக்கட்டும்," என்றார். அதன் பொந்தில் கிளி முட்டையிட்டிருக்கிறது என்று அம்மா சொல்கிறார். இந்த மார்கழியில் அந்தப் பக்கம் கோடு போடவில்லை.