இசை யாருன்னு போடுங்கய்யா: நாலு வருடச் சந்தா அனுபவம்

போன வாரம் சகலை போன் செய்தார். "அந்த மியூசிக் ஆப் வருடச் சந்தாவைப் பாதி விலைக்குக் கொடுக்கிறானாமே, போடலாமா சகலை?" எந்த ஆப் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். ரெண்டு வரியில் பதில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். தட்டத் தட்ட ரத்தக் கொதிப்புதான் ஏறியது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாலு வருடமாகக் காசு கொடுத்துக் கேட்கிறேன். ஒலித்தரம், டவுன்லோடு, காரில் ஏறியதும் ப்ளூடூத்தில் சேர்ந்துகொள்வது எதிலும் குறையில்லை. நடுவில் விளம்பரம் வராத நிம்மதிக்கே பாதிக் காசு தகும். என் கோபமெல்லாம் ஒரே விஷயத்தில்தான். இசையமைத்தவர் யார் என்று இது சொல்லாது. சொன்னாலும் தப்பாகச் சொல்லும்.

'மழை தருமோ என் மேகம்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் வந்த 'மனிதரில் இத்தனை நிறங்கள்' படம், இசை ஷியாம். ஆப்பில் அது ராஜா மெலடித் தொகுப்புக்குள் கிடக்கிறது. 'நந்தா நீ என் நிலா'வும் அங்கேதான். அது வி. தட்சிணாமூர்த்தி போட்டது. எழுபதுகளின் கடைசியில் எஸ்.பி.பி. உருகிப் பாடியிருந்தால் அது ராஜாவாகத்தான் இருக்க வேண்டுமாம். அவருக்கு இருக்கிற பாட்டுகள் போதாதா, அடுத்தவர் பிள்ளையையும் தூக்கி அவர் மடியில் வைக்க? சரி, ஷியாம் என்று தேடிப் பார்ப்போம் என்றால் வரிசையாகக் கிருஷ்ண பஜனைகள் வருகின்றன.

இந்த ஆப்புகளுக்கு 'ஆர்டிஸ்ட்' என்றால் பாடகர். நமக்கு அப்படியில்லை. எம்.எஸ்.வி. பாட்டு, ராஜா பாட்டு, ரஹ்மான் பாட்டு என்றுதான் பேசுவோம். 1965இல் பிரிகிற வரைக்கும் விஸ்வநாதன் ராமமூர்த்தி என்று ஒரே மூச்சில் சொன்ன பெயரில்கூட இது ராமமூர்த்தியைக் கழற்றிவிடுகிறது.

என் சின்ன வயதில் எங்கள் தெருமுனையில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. அப்பா வெற்று கேசட்டையும் பாட்டு லிஸ்டையும் கொடுத்துவிட்டு வருவார். அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு ஏழு பாட்டு. நாலு நாள் கழித்து வாங்கும்போது உள்ளட்டையில் படம், பாடியவர்கள், இசை எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும், இசை மட்டும் சிவப்பு மையில். கடைசிப் பாட்டு இடம் போதாமல் அறுந்திருந்தால் பக்கத்தில் 'பாதி' என்று கடைக்காரர் எழுதியிருப்பார். அந்த நேர்மைக்கு எந்தச் சந்தாவும் வாங்கியதில்லை அவர்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். நான் போட்ட லிஸ்ட் முடிந்து அதுவாக எதையோ எடுத்து ஓட்டியது. 'மதனோற்சவம் ரதியோடுதான்.' சின்ன வயதில் இலங்கை வானொலியில் கேட்டது. முப்பது வருடத்துக்கு மேல் காதில் விழவே இல்லை, அப்படி ஒரு பாட்டு இருந்ததே மறந்துபோயிருந்தது. வாணி ஜெயராம் குரல் உள்ளே வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். நான் கேட்காமலேயே இதை எடுத்துப் போட்டதே, அந்தக் கணக்குக்கு ஒரு கும்பிடு.

யார் இசை என்று பார்த்தால் பாடியவர்கள் பெயர் மட்டும். விவரம் என்ற இடத்தைத் தட்டினால் பாட்டு உரிமை வைத்திருக்கும் கம்பெனி பெயர்.

மாமனாரிடம் கேட்கலாம் என்று லிங்கை அனுப்பினேன். ஆப்பை இறக்கு என்றது, இறக்கினால் நம்பர் கொடு என்றது. உடனே அவரிடமிருந்து போன். "மாப்பிள்ளை, ஓடிபி கேட்குது. யாருக்கும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்கல்ல?" சரி மாமா, விடுங்க என்று, போனில் பாட்டை ஓடவிட்டு, மனைவியின் போனைப் பக்கத்தில் வைத்து வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பினேன். மேலே ஃபேன் கடகடக்கிறது, நடுவில் ஒரு குக்கர் விசில். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நம்ம வி. குமார் போட்டது மாப்பிள்ளை. ரஜினி நடிச்ச 'சதுரங்கம்'. 'காதோடுதான் நான் பாடுவேன்' போட்டாரே, அதே குமார்."

அந்த வாரம் முழுக்க எனக்குக் குமார்தான். பாலசந்தரின் 'நீர்க்குமிழி'யில் 1965இல் தொடங்கியவர். 'உன்னிடம் மயங்குகிறேன்', 'மேஜர் சந்திரகாந்த்' படத்தின் 'ஒரு நாள் யாரோ' என்று ஒவ்வொன்றாகப் படத்தின் பெயரைத் தட்டித் தட்டி எடுத்தேன். வயிற்றெரிச்சல் என்னவென்றால், எல்லாம் இதே ஆப்புக்குள்தான் கிடந்தது. வீடு நிறைய நகை, எந்தப் பெட்டியிலும் சீட்டு ஒட்டவில்லை. நாற்பத்து மூன்று பாட்டு சேர்த்தேன். இன்று பார்த்தால் ஆறு சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கின்றன, தட்டினால் ஓடாது. கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் முடிந்திருக்கும். காசு கொடுக்கிறோமே தவிர நாமெல்லாம் வாடகைக்குக் குடியிருப்பவர்கள்தான்.

ஆகவே சகலை, போடாதீர்கள். பாதி விலைக்கும் வேண்டாம். என் கணக்கில் அடுத்த மாதம் தானாகக் காசு பிடிப்பான், அதை நான் இன்னும் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம், நேற்று எங்கள் ஊர்க்காரர்கள் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்தது. அதே 'மதனோற்சவம்', எங்கள் வீட்டு ஃபேன் சத்தத்தோடும் குக்கர் விசிலோடும். மாமனார் தன் நண்பர்களுக்கு அனுப்பி, அது எங்கெங்கோ சுற்றி வந்திருக்கிறது. கீழே யாரோ பூப்படம் போட்டு எழுதியிருந்தார்கள்: 'இசைஞானியின் அரிய பாடல். கேட்டுவிட்டுப் பகிரவும்.'