20 கோர், 61 நாள் தடைக்காலம்: ஏபிஐ கேட்வே லைசென்ஸோடு எங்கள் 5 ஆண்டு

மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி கம்பெனியின் கணினி வேலை முழுவதையும் நாங்கள் மூன்று பேர் பார்க்கிறோம். 2020 அக்டோபரிலிருந்து மூன்று விதமாக ஏபிஐ கேட்வே (மென்பொருள்கள் ஒன்றையொன்று கேட்கும் அழைப்புகளை ஓரிடத்தில் வாங்கி, சரிபார்த்து உள்ளே விடும் வாசல்) வைத்து ஓட்டியாயிற்று. முதல் இரண்டு வருடம் கோர் (சர்வர் சிப்பின் கணக்கிடும் அலகு) கணக்கில் காசு கட்டும் பெரிய நிறுவனத் தயாரிப்பு, அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் அழைப்புக் கணக்கில் காசு வாங்கும் கிளவுட் சேவை, 2024 தொடக்கத்திலிருந்து ஓப்பன் சோர்ஸ். இதில் எது நல்ல மென்பொருள் என்று கேட்டால், மூன்றுமே வேலையை ஒழுங்காகத்தான் செய்தன. எங்களை அலைக்கழித்தது காசைக் கணக்கிடும் முறை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் வாங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லித்தர எங்களுக்கு யாரும் இல்லை.

மீன் கம்பெனிக்கு எதற்குக் கேட்வே என்று கேட்பவர்களுக்கு: இறங்குதளத்தில் எடை போடும் ஆப், அன்றைய விலை, குளிர்பதனக் கிடங்கு இருப்பு, ஐஸ் வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் படகின் சரக்கு எந்தப் பெட்டியில் போனது என்ற தடம், வங்கிப் பணம், ஏற்றுமதி ஆவணங்கள் என்று எங்களிடம் 11 சேவைகள் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாவி சரிபார்த்துக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வாங்குபவர்கள் தங்கள் கணினியிலிருந்தே தடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததும், எல்லாவற்றுக்கும் ஒரே வாசல், ஒரே காவல் என்று வைக்க வேண்டியதாயிற்று.

முதல் கொட்டேஷன் கோர் கணக்கில் வந்தது. அசல் ஓட்டத்துக்கு இரண்டு சர்வர், தலா 4 கோர். சென்னையில் மாற்று ஏற்பாடாக அதே அளவு இன்னொரு ஜோடி. சோதனைக்கு 4. ஆக 20 கோர். சோதனைக் கோருக்குப் பாதி விலை, மாற்று சர்வர் அணைந்து கிடந்தால் காசு இல்லை, இதெல்லாம் பேசிப் பேசி வாங்கியது. வெளியார் இணைக்க வழிகாட்டும் டெவலப்பர் போர்ட்டலுக்குத் தனிக் காசு, பயன்பாட்டுப் புள்ளிவிவரம் காட்டும் அனலிடிக்ஸுக்குத் தனிக் காசு. பட்டியல் விலையிலிருந்து தள்ளுபடி என்று ஒரு பெரிய எண்ணைப் போட்டிருந்தார்கள், பார்த்தவுடன் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. வடகடல் (பாக் நீரிணை) பக்கம் விசைப்படகுகள் வாரத்துக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், திங்கள், புதன், சனி. போன படகு மறுநாள் காலையில் கரை சேரும். அப்படியென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியற்காலையில்தான் எங்கள் சர்வருக்கு உண்மையான வேலை, அதுவும் ஒரு மூன்று மணி நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. அதைக் கழித்தால் ஆண்டுக்குச் சுமார் 130 விடியல். தலா 3 மணி நேரம் என்றால் 390 மணி நேரம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்து மீன்துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காத நாட்களை நான் இன்னும் கழிக்கவே இல்லை. மற்ற நாட்களில் நாட்டுப்படகுச் சரக்கு கொஞ்சம் வரும், அலுவலக வேலை கொஞ்சம் நடக்கும், அதற்கு ஒரு கோர் கூட அதிகம். நாங்கள் கட்டியதோ உச்ச நேரத்துக்கு அளந்த 8 கோருக்கு, 365 நாளும்.

கோர் என்றால் எந்தக் கோர் என்பது அடுத்த சிக்கல். ஹைப்பர் த்ரெடிங் ஓடும் சர்வரில் ஒரு நிஜக் கோர் இரண்டு மெய்நிகர் கோராகத் தெரியும். சில ஒப்பந்தங்கள் இரண்டு மெய்நிகர் கோரை ஒன்றாக எண்ணும், சில ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணும். எங்களுடையது இரண்டாவது வகை. இந்த ஒரு வரி விலையை இரட்டிப்பாக்கும், அது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் எங்கோ வரையறை என்ற தலைப்பில் இருந்தது.

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்து எங்கள் கரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டது. கரண்ட் எப்போது போகும், ஃபேக்டரிக்குள் தண்ணீர் வருமா என்று தெரியாத நிலை. சென்னை மாற்று சர்வர்களை முன்கூட்டியே எழுப்பிவிட்டோம். இங்கே இருப்பதையும் அணைக்கவில்லை, ஏனென்றால் கிடங்கு வெப்பநிலை எச்சரிக்கைகள் இங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. நான்கு நாள் இரண்டு பக்கமும் ஓடியது. அந்தக் காலாண்டுப் பயன்பாட்டு அறிக்கையில் 8 கோருக்குப் பதிலாக 16 கோர் என்று பதிவாகி, கூடுதல் 8 கோருக்கு முழு ஆண்டுக்கும் காசு கட்டச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. "புயல் சார் அது" என்று நான் போனில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "புரியுது சார், ஆனா சிஸ்டம்ல கவுன்ட் ஆயிடுச்சே" என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது, மாற்று சர்வர் எத்தனை நாள் சேர்ந்து ஓடலாம் என்று ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதி வாங்கவில்லை. ஒன்றரை மாதம் பேசிப் பாதி கட்டினோம். எனக்கு அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் யாராவது கோர் கணக்கில் வாங்கினால், பேரிடர் நேரத்தில் ஆண்டுக்கு இத்தனை நாள் இரண்டும் சேர்ந்து ஓடலாம் என்று ஒரு வரியைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள்.

2022 அக்டோபரில் புதுப்பித்தல். முதல் ஒப்பந்தத்தில் கொடுத்த தள்ளுபடி புதிய வாடிக்கையாளருக்கானதாம், அது போய்விட்டது. விலை டாலரில், வாங்கியபோது 73, 74 ரூபாயாக இருந்த டாலர் அந்த மாதம் 82ஐத் தாண்டியிருந்தது. அதாவது அவர்கள் ஒரு டாலர்கூட ஏற்றாமல் இருந்திருந்தாலும் எங்களுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கும். வெளிநாட்டு பில் என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில் நாங்களே முதலில் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஏற்றுமதிக் கம்பெனி, பிறகு திரும்பப் பெறலாம், உண்மைதான், ஆனால் தடைக்காலம் முடிந்து சரக்கு வாங்கப் பணம் தேடும் கம்பெனிக்கு முடங்கிக் கிடக்கும் ஒவ்வொரு லட்சமும் வலிக்கும். புதுப்பிக்கவில்லை.

கிளவுடுக்குப் போனோம். அழைப்புக்குத்தான் காசு, தடைக்காலத்தில் அழைப்பு குறைந்தால் பில்லும் குறையும். நம் கடலுக்கு ஏற்ற கணக்கு இதுதான் என்று முதலாளியிடம் நானே உறுதியாகச் சொன்னேன். முதல் மாத பில்லில் 2 கோடியே சொச்சம் அழைப்பு என்று வந்தது. எடைப் பதிவு என்று பார்த்தால் ஒரு நாளைக்கு சில ஆயிரம்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் இறங்குதளத்துக்கே போனேன். நண்டுக் கூடையைத் தராசில் வைக்கிறார்கள், கணக்கப்பிள்ளை அண்ணன் எடையைத் தட்டிச் சேமி பொத்தானை அமுக்குகிறார், வட்டம் சுற்றுகிறது, அடுத்த கூடை வந்துவிட்டது, அவர் மறுபடி அமுக்குகிறார். ஈரக் கை வேறு, தொடுதிரை எடுக்கவில்லையோ என்று மூன்றாவது தடவை. "சுத்திக்கிட்டே இருக்கு தம்பி, அமுக்காம என்ன செய்ய" என்றார். ஒவ்வொரு அமுக்கலும் ஒரு அழைப்பு. ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. விலை மாறியிருக்கிறதா என்று ஆப் 5 விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்தது, போன் சட்டைப் பையில் இருந்தாலும், வீட்டில் சார்ஜில் கிடந்தாலும். ஒரு போனுக்கு ஒரு நாளைக்கு 17,280 அழைப்பு. 40 போனுக்கு 6,91,200. 30 நாளைக்கு 2 கோடியே 7 லட்சம்.

இதே தவறுக்கு எங்கே என்ன விலை என்று பிறகு ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். அமேசானின் ரெஸ்ட் வகைக் கேட்வேயில் அமெரிக்க விலைப்படி 10 லட்சம் அழைப்புக்கு 3.50 டாலர், மாதம் சுமார் 72 டாலர். அங்கேயே எளிய எச்டிடிபி வகை 10 லட்சத்துக்கு 1 டாலர்தான், 21 டாலரோடு போயிருக்கும். கூகுளின் அபிஜியில் பயன்பாட்டுக்கேற்பக் கட்டும் திட்டத்தில் சாதாரண ப்ராக்ஸிக்கு (ஒரு சேவைக்குக் கேட்வேயில் போடும் வழி) 10 லட்சத்துக்கு 20 டாலர், 414 டாலர் ஆகும். விரிவான கொள்கைகள் சேர்த்த ப்ராக்ஸி என்றால் 100 டாலர், 2,000 டாலரைத் தாண்டிவிடும், அது ஓடும் சூழலுக்கான மணிநேரக் கட்டணம் தனி. ஒரே போன், ஒரே கேள்வி, நூறு மடங்கு வித்தியாசம். எது அழைப்பாக எண்ணப்படும் என்பதையும் பாருங்கள். அமேசானில் அங்கீகாரம் தோற்ற அழைப்புக்கும் வரம்பு மீறித் தடுக்கப்பட்ட அழைப்புக்கும் காசு இல்லை. எல்லாரும் அப்படி விடுவதில்லை.

ஆப்பை மாற்றினோம். விலை கேட்பது இறங்குதளம் திறந்திருக்கும் ஆறு மணி நேரத்துக்கு மட்டும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை. 6,91,200 என்பது ஒரு நாளைக்கு 2,880 ஆயிற்று. ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு தனி எண் போட்டு, எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரே பதிவாக விழும்படி செய்தோம். எங்கள் சேவைகள் ஒன்றையொன்று கேட்வே வழியாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்ததையும் உள்வழிக்கு மாற்றினோம். பில் அப்படியே விழுந்தது. இந்த வேலையைச் செய்ய வைத்ததற்காகவே அந்தக் கிளவுட் பில்லுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

பிறகு ஏன் மாறினீர்கள் என்றால், வாங்குபவர்களில் ஒருவர் தனியார் வலையமைப்புக்குள் இருந்து மட்டுமே இணைப்போம் என்றார். அந்த வசதி நாங்கள் இருந்த விலை அடுக்கில் இல்லை. இது பொதுவான வழக்கம்தான், மைக்ரோசாஃப்ட் அஸூரின் பழைய அடுக்குகளிலும் விர்ச்சுவல் நெட்வொர்க்குக்குள் வைக்க வேண்டுமென்றால் பிரீமியம் அடுக்குக்குப் போக வேண்டும், அல்லது சேவை உத்தரவாதம் இல்லாத டெவலப்பர் அடுக்கு. ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக அடுக்கு மாறினால் பில் பல மடங்கு.

ஓப்பன் சோர்ஸ் தேடியபோது மூன்றை வைத்துப் பார்த்தோம். காங் அபாச்சி 2.0 உரிமம்தான், ஆனால் எங்களுக்கு அவசியமான ஓப்பன்ஐடி கனெக்ட் பிளகின் (உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்கும் துணைநிரல்) அதன் காசு கட்டும் எண்டர்பிரைஸ் பதிப்பில் இருக்கிறது. டபிள்யூஎஸ்ஓ2 2005ல் இலங்கையில் தொடங்கிய நிறுவனம், தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு என்பதில் எனக்கு ஒரு பாசமே உண்டு. மூலநிரல் திறந்தது, வெளியான பதிப்புக்கு அவ்வப்போது வரும் திருத்தங்கள் சந்தா கட்டுபவர்களுக்கு. எங்கள் அளவுக்கு அது பெரிய தொகுப்பு. கடைசியில் அபாச்சி அபிசிக்ஸ். ஓப்பன்ஐடி அதிலேயே இருந்தது. அதோடு, அது அபாச்சி அறக்கட்டளையின் திட்டம், ஒரு கம்பெனி தனியாக உட்கார்ந்து உரிமத்தை மாற்ற முடியாது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் என்ற மென்பொருள் கம்பெனி தன் மென்பொருள்களின் திறந்த உரிமத்தைக் கட்டுப்பாடுள்ளதாக மாற்றியதைப் பார்த்தபிறகு இதை நான் முதல் தகுதியாகவே வைத்துவிட்டேன். நாங்கள் மாறிய இரண்டு மாதத்தில், 2024 மார்ச்சில், ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருளும் அப்படி மாற்றியது. அழைப்பு வரம்பை எண்ண அதைத்தான் வைத்திருந்தோம். எங்கள் பயன்பாட்டுக்குச் சட்டப்படி தடை ஒன்றும் வந்திருக்காது, இருந்தாலும் ரெடிஸிலிருந்து பிரிந்த திறந்த மென்பொருளான வால்கீக்குப் போய்விட்டோம், ஒரு பிற்பகல் வேலை.

இலவசமா என்றால், லைசென்ஸ் மட்டும் இலவசம். விடியற்காலை நாலு மணிக்கு விழித்திருக்க எங்களில் ஒருவர் முறை வைத்து உட்காருகிறோம், அதற்குப் படி உண்டு. பாதுகாப்புத் திருத்தம் வந்ததா என்று பார்ப்பது எங்கள் வேலை. அபிசிக்ஸின் விதிகளைச் சேமிக்கும் எட்சிடி என்ற தரவுத்தளத்தை நம்பகமாக வைத்தால் குறைந்தது மூன்று இயந்திரம் வேண்டும் என்பதால் அதைத் தவிர்த்து, எல்லா வழித்தடங்களையும் ஒரே கோப்பில் எழுதும் தனி முறையில் ஓட்டுகிறோம். அந்தக் கோப்பின் கடைசி வரியில் ஹாஷ் போட்டு 'எண்ட்' என்று இருந்தால்தான் அபிசிக்ஸ் புதிய விதிகளை எடுத்துக்கொள்ளும். ஒரு ஞாயிறு முன்னிரவில் புதிய வாங்குபவரின் வழித்தடத்தைச் சேர்த்தபோது அந்த வரி அழிந்துவிட்டது. பழைய விதிகளோடு அது பாட்டுக்கு ஓட, புதியவருக்கு மட்டும் ஏன் 404 (அப்படி ஒரு வழி இல்லை என்ற பதில்) வருகிறது என்று இரண்டு மணி நேரம் தேடினோம். இப்போது கோப்பு சர்வருக்குப் போகும் முன் அந்த வரி இருக்கிறதா என்று ஒரு ஸ்கிரிப்ட் பார்த்துவிடும்.

எங்களைவிடச் சிறிய குழு என்றால், இரவில் பார்க்க ஆள் இல்லையென்றால், அழைப்புக் கணக்குக் கிளவுடிலேயே இருங்கள், ஆப்பை மட்டும் முதலில் சரி செய்யுங்கள். வருடம் முழுக்க ஒரே சீராக ஓட்டம் இருக்கும் வங்கி, மருத்துவமனை மாதிரி இடங்களுக்குக் கோர் கணக்கு லாபமாகவே இருக்கலாம், ஆனால் புதுப்பிக்கும்போது இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற உச்சவரம்பு இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். லைசென்ஸ் காலாவதியான அன்று என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். ஓட்டம் தொடருமா, மாற்றம் செய்வது மட்டும் நிற்குமா, மொத்தமாக நின்றுவிடுமா? எங்கள் முதல் விற்பனையாளரிடம் இதற்கு எழுத்தில் பதில் வாங்க மூன்று வாரம் ஆனது.

பதிப்பு ஏற்றும் வேலையை இப்போதெல்லாம் ஏப்ரல் 15க்குப் பிறகுதான் வைத்துக்கொள்கிறோம். படகுகளை மேட்டில் ஏற்றிப் பலகை மாற்றி வர்ணம் அடிக்கும் அதே நாட்களில் நாங்களும் ஒரு சர்வரை நிறுத்தி, புதிய பதிப்பை ஏற்றி, நாட்டுப்படகுச் சரக்கை அதில் விட்டுப் பார்க்கிறோம். ஜூன் 15 படகு போனால் மறுநாள் விடியலில் 40 போனும் ஒரே நேரத்தில் வரும், அதற்குள் இரண்டாவது சர்வரையும் முடித்துவிட வேண்டும்.